மரத்துல போய் வேலையா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். (நம்மாளுங்க ஆபீஸ் வேலையைத்தான் ஆணி புடுங்குறதுன்னு சொல்வாங்க. ஆனா இந்தப் பதிவுல வர்ற ஆணி நிஜமாவே இரும்பு ஆணி. கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.)

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். நல்ல மார்க். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வுல மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி கிடைக்கும்போல இருக்கு. நாலு வருஷ பி.எஸ்சி. வனவியல். பையனுக்கு அதுல ஆசை. அப்பாவுக்கு துளிகூட இஷ்டமில்லை.

"மரத்துல போய் என்னாப்பா வேலை இருக்கு? சுத்தி இத்தினி கம்பெனி இருக்கு. மெக்கானிக்கல் டிப்ளமோ போட்டான்னா நாளைக்கே ஒரகடத்துல உள்ள பூந்துடலாம். நீ சொல்லு, நீதான் கம்பெனில இருக்குற"ன்னார்.

பையன் என்னையே பார்த்தான். "மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா இதே கேள்வியை அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி இன்னொரு பையன் என்கிட்ட கேட்டான். அவனுக்கும் காடு, மரம், பறவைன்னு ஒரே பைத்தியம். நான் பெரிய மனுஷனா உக்காந்து, "காட்டுக்குப் போய் என்ன பண்ணப் போற? யானை விரட்டப் போறியா? பேசாம டிப்ளமோ போடு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவனும் கேட்டான். டிப்ளமோ முடிச்சான், ஒரு கம்பெனில டிரெய்னியா சேர்ந்தான், காலம் முடிஞ்சதும் வெளிய வந்தான். அடுத்த கம்பெனில மறுபடியும் டிரெய்னி. அங்கேயும் அதே கதை. இப்ப படப்பை பக்கம் சாப்பாடு டெலிவரி பண்றான். ரோட்டுல பார்த்தா சிரிச்சிட்டுத்தான் போறான். எனக்குத்தான் சிரிக்க முடியலை.

அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல மரம் எங்க இருக்கு?

ஒரகடம் கூட்டு ரோட்டுல நின்னு பாருங்க. ஒரு பக்கம் சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடு, குறுக்க வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தகரக் கூரையும் கண்டெய்னர் லாரியும்தான். இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் 1998-ல உற்பத்தி ஆரம்பிச்சது. ஒரகடத்துல ரெனால்ட் - நிஸ்ஸான் 2010, டெய்ம்லர் லாரி 2012. அவங்களுக்குப் பொருள் கொடுக்கிற கம்பெனிகள் நூத்துக்கணக்குல. இதுல மரத்துக்கு எங்க இடம்னுதான் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைச்சேன், டெஸ்பாட்ச்ல வேலைக்குச் சேர்ற வரைக்கும்.

நான் வேலை பார்க்கிறது ஒரு உதிரிபாகக் கம்பெனியோட டெஸ்பாட்ச். இங்க செய்யற இரும்புச் சாமான் வெளிநாட்டுக்குப் போகணும்னா மரத்து மேல ஏறித்தான் போகணும். பாலட், பெரிய பெட்டி, கட்டை, சட்டம்... எல்லாம் மரம். சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர்னு உள்ளுக்குள்ள போனா சந்துக்குச் சந்து பாலட் அடிக்கிற யார்டு இருக்கும். கம்ப்ரஸர் சத்தம், ஆணி அடிக்கிற கன் சத்தம், பைன் மரத்தோட பிசின் வாசம். (ஆணி வந்துடுச்சு பாருங்க!)

ஊர்க்காரங்க கண்ணுக்கு அது ஒரு 'கட்டைக்கடை'. அவ்வளவுதான். ஆனா அந்தக் கட்டைக்கடை ஒரு நாள் நின்னா, மறுநாள் எங்க கண்டெய்னர் நிக்கும்.

ஒரு கண்டெய்னர் திரும்பி வந்த கதை

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க சரக்கு ஒண்ணு வெளிநாட்டுத் துறைமுகத்துல நின்னுடுச்சு. சாமான்ல ஒரு குறையும் இல்லை. பாலட்ல பட்டையோட இருந்த ஒரு பலகைல உயிரோட பூச்சி. அந்த நாட்டு ஆளுங்க முழுசையும் நிறுத்திட்டாங்க. அங்க கஸ்டமர் லைன் நிக்கும்னு, அதே சாமானை விமானத்துல அனுப்ப வேண்டியதாப் போச்சு. அந்தச் செலவைக் கேட்டா நீங்க மயக்கம் போடுவீங்க.

யார் தப்பு? பாலட் உள்ள வந்தப்போ கையெழுத்துப் போட்டது நான். எண்ணிக்கை பார்த்தேன், அளவு பார்த்தேன், முத்திரை இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு. விட்டுட்டேன்.

அந்த முத்திரையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஐ.எஸ்.பி.எம்.-15-ன்னு ஒரு சர்வதேச விதி. 2002-ல வந்தது. மரப் பேக்கிங்ல ஒளிஞ்சிக்கிட்டு ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போயிடக் கூடாதுங்கறதுதான் நோக்கம். 1996-ல நியூயார்க் புரூக்ளின்ல மரங்களைத் துளைக்கிற ஒரு ஆசிய வண்டைக் கண்டுபிடிச்சாங்க. சரக்கு வந்த மரப்பெட்டில இருந்து இறங்கினதுன்னு சொல்றாங்க. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித் தள்ள வேண்டியதாயிடுச்சு. பாருங்க, ஒரு பொட்டிப் பலகையால ஒரு ஊர் மரமே போச்சு.

அதனால விதி என்னன்னா, மரத்தோட நடு மையம் வரைக்கும் 56 டிகிரி சூடு, குறைஞ்சது 30 நிமிஷம். மேல சுட்டாப் பத்தாது, நடுவுல சூடு ஏறணும். அதுக்குப் பலகைக்குள்ள துளை போட்டு வெப்பமானி சொருகி, வரைபடம் எடுத்து வைக்கணும். இன்னொரு வழி மெத்தில் புரோமைடு புகை. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும்னு ஐரோப்பால 2010-லயே நிறுத்திட்டாங்க. பட்டையும் உரிச்சிருக்கணும். ஒட்டிக்கிட்டு இருக்கிற துண்டு 3 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலமா இருக்கணும், அகலம் அதுக்கு மேலன்னா பரப்பு 50 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் சரியா இருந்தாத்தான் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை, நாட்டுக் குறியீடு, யார்டோட பதிவு எண் எல்லாம் குத்தலாம். முத்திரை குத்துற உரிமையை மத்திய அரசோட பயிர்ப் பாதுகாப்பு இயக்ககம்தான் தரணும்.

நம்ம கேஸ்ல என்ன நடந்துச்சுன்னா, பாலட் அடிச்சது ஒழுங்கா சூடு காட்டின மரத்துலதான். ஆனா ஒரு பலகை உடைஞ்சுருக்கு. யாரோ ஒரு தம்பி ஓரமாக் கிடந்த வேற பலகையை எடுத்து அடிச்சிட்டான். அது சூடு காட்டாத பலகை. ரிப்பேர் பண்றதுக்கும் சூடு காட்டின மரத்தைத்தான் போடணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை. எனக்கும்தான்.

அந்த யார்டுல செங்கோட்டைக்காரப் பெரியவர் ஒருத்தர் இருந்தார். சின்ன வயசுலேர்ந்து அறுப்பு மில்லுல இருந்தவர். விசாரணைக்குப் போனப்ப அவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், முத்திரைய பாக்காதீய, மரத்தப் பாருங்க. முத்திர ஒரு இடத்துலதான் இருக்கும். மரம் எல்லா இடத்துலயும் இருக்குல்லா?"ன்னார்.

அன்னிக்கு ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். இது வைரம், இது வெள்ளை, பூச்சி முதல்ல வெள்ளையிலதான் விழும். இந்தக் கணு ஓரத்துல வந்திருக்கு, இங்க ஆணி அடிச்சா பிளக்கும். இந்தப் பலகை ஈரம், கைல தூக்கினாலே தெரியும், காயறப்ப முறுக்கிக்கும், ஆணி கழண்டுக்கும். எனக்கு அதுவரைக்கும் மரம்னா மரம்தான். அவருக்கு ஒவ்வொரு பலகையும் ஒரு ஆள் மாதிரி.

இப்ப அவர் இல்லை, ஊருக்குப் போயிட்டார். அவர் இடத்துல யாருமே வரலை. மேட்டர் இதான் மக்களே. அவர் தலைக்குள்ள இருந்தது ஒரு படிப்பு. அதை எழுதி வைக்கவும் ஆள் இல்லை, கத்துக்கவும் ஆள் இல்லை. ஆனா இதே படிப்பை, இன்னும் விஞ்ஞானமா, ஒரு காலேஜ்ல சொல்லித் தர்றாங்க. அந்தக் காலேஜுக்குப் போக வேணாம்னு நான் ஒரு பையனைத் தடுத்திருக்கேன்!

அந்த மரம் எங்கேர்ந்து வருது?

எங்க யார்டுகள்ல அதிகம் புழங்கறது நியூசிலாந்து பைன். தூத்துக்குடி மாதிரித் துறைமுகத்துல இறங்கும். இதுல ஒரு வேடிக்கை. அந்த மரத்தோட பூர்வீகம் கலிபோர்னியா. அதைக் கொண்டுபோய் நியூசிலாந்துல பயிர் மாதிரிப் போட்டு, இருபத்தஞ்சு முப்பது வருஷத்துல வெட்டி, நமக்கு விக்கிறாங்க. நாம அதுல ஆணி அடிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பறோம். எவனோ நட்ட மரம், எவனோ அறுத்த மரம், நம்ம பங்கு ஆணி மட்டும்தான்.

மிச்சம் நம்ம பக்கத்து மரம். கன்னியாகுமரி, கேரளாப் பக்கமிருந்து ரப்பர் மரம். அப்புறம் தைலமரம், பெருமரம், மலைவேம்புன்னு பல ரகம்.

"அப்ப காட்டை வெட்டித்தான பாலட் அடிக்கிறீங்க?"ன்னு கேட்பீங்க. இங்கதான் நிறைய பேருக்குக் குழப்பம். நம்ம நாட்டுல இயற்கைக் காட்டை வெட்டித் தொழிற்சாலைக்குக் கொடுக்கிற காலம் எப்பவோ முடிஞ்சது. 1988 தேசிய வனக் கொள்கையே, மரம் வேணுங்கற ஆலைங்க விவசாயியோட சேர்ந்து தனக்கு வேண்டிய மரத்தை வளர்த்துக்கணும்னு சொல்லிடுச்சு. அப்புறம் 1995-ல நீலகிரி கூடலூர்ல மரம் வெட்டுறாங்கன்னு கோதவர்மன் திருமுல்பாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல வந்த உத்தரவு நாட்டையே புரட்டிப் போட்டுடுச்சு. காட்டுக்குள்ள மத்திய அரசு அனுமதி இல்லாம நடந்த அறுப்பு மில்லெல்லாம் மூட வேண்டியதாச்சு. ஒரு கூடலூர் வழக்கு இந்தியா முழுக்க மர வியாபாரத்தோட வழியையே மாத்திடுச்சு.

அதுக்கப்புறம் ஆலைக்கு வர்ற மரத்துல பெரும்பகுதி விவசாயி நிலத்துல வளர்ற மரம். மதுராந்தகம், செய்யூர் தாண்டி மரக்காணம், கடலூர் வரைக்கும் போய்ப் பாருங்க, சவுக்குத் தோப்பு. அந்தச் சவுக்கும் ஒரு காலத்துல இந்தக் கடற்கரைல ரயில் இன்ஜினுக்கு விறகுக்காக வெள்ளைக்காரன் நடவு போட்டு வளர்த்ததுதான். இன்னிக்கு அது சாரம் கட்டவும் பேப்பர் ஆலைக்கும் போகுது. கரூர் காகிதபுரத்துல இருக்கிற தமிழ்நாடு காகித ஆலை, 1979-ல அரசு ஆரம்பிச்சது, கரும்புச் சக்கையை வெச்சுத்தான் பெயர் வாங்கிச்சு. அதுக்கும் மரக்கூழ் வேணும். அதனால விவசாயிங்களோட சேர்ந்து சவுக்கும் தைலமும் போடறாங்க. அதுக்கு நல்ல ரகக் கன்னு யார் தயார் பண்றா? மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோயமுத்தூர் வன மரபியல் நிறுவனம் மாதிரி இடங்கள்ல படிச்சவங்க. அஞ்சு வருஷத்துல வெட்டற மரத்தை நாலு வருஷத்துல வெட்ட வெச்சா ஒரு விவசாயிக்கு என்ன லாபம்னு யோசிச்சுப் பாருங்க. இதுவும் வனவியல்தான். காக்கிச் சட்டை போட்டாத்தான் வனவியல்னு இல்லை.

காக்கி வழி, கட்டை வழி

அக்கா வீட்டுக்காரர்கிட்ட நான் இதைத்தான் முதல்ல பிரிச்சுச் சொன்னேன். இதுல ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

ஒண்ணு காக்கி வழி. ஐ.எஃப்.எஸ். மத்திய தேர்வாணையம் நடத்தறது. 2013-லேர்ந்து முதல்நிலைத் தேர்வு கலெக்டர் பரீட்சையோட சேர்த்துத்தான். வனவியல் மட்டுமில்லை, தாவரவியல், விலங்கியல், இயற்பியல், கணிதம், வேளாண்மை, இன்ஜினியரிங் படிச்சவங்களும் எழுதலாம். மாநிலத்துல உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர்னு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள். வனக்காப்பாளர், வனக்காவலர் பதவியை 2024-ல குரூப் 4-லயே சேர்த்துட்டாங்க. பெரிய வேலை, மரியாதையான வேலை. ஆனா இடம் கொஞ்சம், எழுதறவங்க லட்சக்கணக்குல. அதை மட்டும் நம்பி நாலு வருஷம் படிக்க வைக்காதீங்கன்னு ஓப்பனாவே சொன்னேன்.

இன்னொண்ணு கட்டை வழி. நாற்றங்கால், தோட்டம், அறுவடை, மர அறுப்பு, உலர்த்தறது, பிளைவுட், எம்.டி.எஃப்., பேப்பர், ஃபர்னிச்சர், பேக்கிங். திருச்சியில தலைமையிடம் வெச்சு அரசோட வனத் தோட்டக் கழகம் 1974-லேர்ந்து இருக்கு. கும்மிடிப்பூண்டி பக்கம் பிளைவுட் ஆலை இருக்கு, எல்லை தாண்டினா ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் எம்.டி.எஃப். ஆலை. கேரளாவுல பெரும்பாவூர் ஊரே பிளைவுட். தூத்துக்குடில சர்வதேச ஃபர்னிச்சர் பூங்காவுக்கு 2022 மார்ச்ல அடிக்கல் நாட்டினாங்க. மேல படிக்கணும்னா டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துல மர அறிவியல்ல எம்.எஸ்சி. இருக்கு, பெங்களூர்ல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு.

இதை ரெண்டு வழின்னு நான் சொன்னாலும் வேர் ஒண்ணுதான். நம்ம ஊர்ல வனத்துறையே மரத் தொழிலுக்காக வந்ததுதானே? ஆனைமலை டாப்ஸ்லிப் பேரே, வெட்டின தேக்கை மேலேர்ந்து சறுக்கி விட்டதால வந்தது. அந்தத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டற இடத்துக்குப் போச்சு. காடு மொட்டையானப்புறம், 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஹியூகோ வுட்னு ஒரு அதிகாரி வந்து, வெட்டாம விட்டாத்தான் காடு பொழைக்கும்னு சொல்லி மறுபடி வளர்த்தார். அவர் சமாதி இன்னும் டாப்ஸ்லிப்லதான் இருக்கு. வெட்டத் தெரிஞ்சவனுக்கு நடவும் தெரியணும்ங்கற பாடம் நமக்குப் புதுசில்லை. நாமதான் மறந்துட்டோம்.

"ஆனா..."ன்னு நீங்க சொல்றது கேக்குது

அக்கா வீட்டுக்காரர் சும்மா விடலை. அவர் கேட்டது எல்லாமே நியாயமான கேள்விதான்.

முதல் கேள்வி: "மரம்னு சொல்லித்தான் ஊரையே ஏமாத்தினாங்களே?" கரெக்ட். 1990கள்ல தேக்கு மரத் திட்டம்னு ஊரெல்லாம் பணம் வாங்கினாங்க. சென்னையில அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல கவிழ்ந்தப்ப எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு! நான் சொன்னேன், "அண்ணே, ஒரு தேக்கு எத்தனை வருஷத்துல எவ்வளவு பருக்கும்னு கணக்குப் போடத் தெரிஞ்ச ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருந்திருந்தா அந்தப் பணம் போயிருக்காது. அந்தக் கணக்கைத்தான் இவன் படிக்கப் போறான்."

ரெண்டாவது: "பிளாஸ்டிக் பாலட், இரும்பு பாலட்னு வந்துட்டே இருக்கே, நாளைக்கு மரம் தேவைப்படுமா?" வருது, உண்மைதான். உள்ளூருக்குள்ள போயிட்டுத் திரும்பி வர்ற சரக்குக்கு எங்க கம்பெனிலயே பாதி இரும்பு ஸ்டாண்டுதான். ஆனா கப்பல்ல போய்த் திரும்பி வராத சரக்குக்கு மரத்தை அடிக்க இன்னும் ஆள் வரலை. உடைஞ்சா ரிப்பேர் பண்ணலாம், கடைசில எரிக்கலாம், மறுபடி நடலாம். பாலட்டே போனாலும், மரம் தெரிஞ்சவனுக்குப் பேப்பர் இருக்கு, பலகை இருக்கு, தோட்டம் இருக்கு. டிரெய்னி வேலைக்கு அப்படி என்ன உத்தரவாதம் இருக்கு? 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்தப்ப ஊரே கொண்டாடிச்சு. 2014 நவம்பர்ல மூடினாங்க. மறைமலைநகர் ஃபோர்டு 2021-ல கார் உற்பத்தியை நிறுத்தறோம்னு அறிவிச்சு 2022-ல நிறுத்திடுச்சு. அந்தந்த லைன்ல அந்தந்த ஸ்க்ரூவை மட்டும் போடத் தெரிஞ்ச பசங்க என்ன பாடுபட்டாங்கன்னு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

மூணாவது கேள்விதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. "ஏம்ப்பா, அந்த பாலட் யார்டுல யார் வேலை செய்யறா? நம்ம பசங்க ஒருத்தன் இருக்கானா? பத்துக்குப் பத்து ரூம்ல எட்டுப் பேர் படுத்துக்கினு இருக்கானுங்க. அதுல போயா என் பையன்?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. உண்மை அது. வெளிமாநிலத்துப் பசங்கதான் அதிகம். பீஸ் ரேட். காதுல பஞ்சு கூட இல்லாம ரம்பம் பக்கத்துல நிக்கறாங்க. மரத்தூள் மூச்சுல போகுது. விரல் போன ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். ஒரு நாளைக்கு இத்தனை பாலட்னு மட்டும்தான் கணக்கு, எவ்வளவு நல்லா அடிச்சான்னு கணக்கே இல்லை. இப்படி ஒரு இடத்தைக் காட்டி, வாப்பா வாழ்க்கைன்னு எந்த அப்பன்கிட்ட சொல்ல முடியும்?

என்னோட கட்சி

ஆனா அதுக்காக, அந்தத் தொழிலே மட்டம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அதை மட்டமா நடத்தறோம், அவ்வளவுதான். அதுல குத்தவாளி யார்னு கேட்டா முதல் ஆள் என் மாதிரி வாங்கற கம்பெனிக்காரங்கதான். வருஷா வருஷம் பாலட் விலையைக் குறைன்னு கழுத்தைப் பிடிப்போம். ஒரு ரூபா குறைஞ்சா எங்க பர்ச்சேஸ்ல கைதட்டுவாங்க. அந்த ஒரு ரூபா எங்கேர்ந்து வருது? ரம்பத்துக்குப் போட வேண்டிய மூடியிலேர்ந்து. அந்தத் தம்பிக்குச் சொல்லித் தர வேண்டிய ஒரு மணி நேரத்துலேர்ந்து. அப்புறம் ஒரு பலகைல பூச்சி வந்தா விமானத்துக்கு லட்சக்கணக்குல அழுவோம்.

என் ஆசை இதுதான். ஒவ்வொரு பெரிய யார்டுலயும் மரம் படிச்ச ஒரு ஆள் இருக்கணும். வர்ற மரத்தோட ஈரம், கணு, பூச்சி பார்க்க, சூட்டு அறையோட வரைபடத்தைச் சரிபார்க்க, எந்தப் பலகையை எங்க அடிக்கணும்னு சொல்ல, விவசாயிகிட்ட நேரா மலைவேம்பு வாங்க முடியுமான்னு பார்க்க. வாங்கற கம்பெனிங்க, பாலட்டுக்கு விலை கேட்கறப்பவே "அந்த ஆள் யாரு?"ன்னு கேக்கணும். இரும்புச் சாமான் சப்ளையர்கிட்ட ஆயிரம் ஆடிட் பண்றோம்ல? கட்டைக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கிறோம்?

எங்க பக்கத்து ஐ.டி.ஐ. பசங்ககிட்ட கேட்டா ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் தாண்டி யாரும் யோசிச்சதே இல்லை. இத்தனை யார்டு இருக்கிற ஒரு பகுதில, மரத்தைத் தரம் பிரிக்கவும் உலர்த்தவும் ரம்பத்தைப் பத்திரமா ஓட்டவும் ஆறு மாசப் பயிற்சி ஒண்ணு வெச்சா என்ன? வெளிமாநிலத்துத் தம்பிங்களுக்கும் அதுல இடம் கொடுங்க. அவங்கதான் இன்னிக்கு இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தறாங்க.

இன்னொண்ணு, தமிழ்நாட்டோட பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கணும்னு அரசு பசுமை இயக்கம் நடத்துது. ரொம்ப நல்லது. ஆனா நட்ட விவசாயிக்கு, வளர்ந்ததை வாங்க ஆள் வேணும். வாங்கற தொழில் உருப்படியா இருந்தாத்தான் அடுத்த தடவையும் அவர் மரம் நடுவார். இல்லேன்னா பிளாட் போட்டு வித்துட்டுப் போவார். ஒரகடத்தைச் சுத்தி அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கோம்?

படிக்கப் போற தம்பி, தங்கச்சிகளுக்கு

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு இடத்தைப் பார்த்துடுங்க. ஒண்ணு கோயமுத்தூர்ல காஸ் வன அருங்காட்சியகம். நூறு வருஷத்துக்கு மேலானது. ஒவ்வொரு மரமும் உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு வெட்டி வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, உங்க ஊர் மரவாடி. ஒரு நாள் முழுக்க நில்லுங்க. மரத்தூள் வாசம் பிடிக்குதா, தலைவலிக்குதான்னு பாருங்க. தலைவலிச்சா வேற படிங்க, தப்பே இல்லை.

படிக்கும்போது லீவுல ஒரு நாற்றங்கால்லயும் ஒரு ஆலையிலயும் வேலை பாருங்க, கூலி கம்மியா இருந்தாலும். கன அடி கணக்கு மனசுல ஓடணும். ரம்பத்துக்குப் பக்கத்துல அவசரப்படாதீங்க, போன விரல் திரும்பி வராது. முதல் சம்பளம் ஐ.டி. ஃப்ரெண்டு சம்பளத்தைப் பார்த்தா சிரிப்பு வரும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன், மறைச்சு வெச்சு யாரையும் இழுக்க எனக்கு ஆசையில்லை.

டிகிரி வரைக்கும் போக முடியலையா? ஒழுங்கான யார்டாப் பார்த்துச் சேருங்க. ஒழுங்கானதுன்னு எப்படித் தெரியும்? ரம்பத்துக்கு மூடி இருக்கா, சூட்டு அறை வரைபடத்தைக் கேட்டா காட்டறாங்களா, பழைய ஆள் யாராவது பத்து வருஷமா அங்கேயே இருக்காரா. மூணும் இருந்தா நம்பிப் போகலாம். அந்தப் பழைய ஆள் பின்னாடியே ஒரு நோட்டோட சுத்துங்க. நான் அந்தச் செங்கோட்டைப் பெரியவர் பின்னாடி சுத்தாம விட்டது என் வாழ்க்கையில செஞ்ச முட்டாள்தனத்துல ஒண்ணு.

சரி, அக்கா வீட்ல என்ன முடிவாச்சு? இன்னும் ஆகலை. அவர் எந்திரிச்சுப் போகும்போது, "நீ சொல்றது எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா நாளைக்கு இவன் வேலை இல்லாம நின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"ன்னார்.

போன தடவை அந்தப் பையனுக்கு டிப்ளமோ படின்னு நான் சொன்னப்ப, இந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேக்கலை. கேட்டிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

"சொல்றேண்ணே"ன்னேன். வர்ற சனிக்கிழமை அப்பாவையும் பையனையும் நாங்க இப்ப வாங்கற யார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். காலைல வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துட்டு, அப்படியே. படப்பைத் தம்பிக்கும் போன் பண்ணியிருக்கேன். அந்த யார்டுல மரம் பார்த்து வாங்க ஒரு ஆள் வேணுமாம், கத்துக் கொடுக்கத் தயார்ங்கறாங்க. "வர்றேண்ணா, லீவு கேக்கணும்"னு சொல்லியிருக்கான். வருவான்னு நினைக்கிறேன்.

பி.கு. 1: நம்ம பதிவர்கள்ல யாராவது மேட்டுப்பாளையத்துல படிச்சவங்க, மரவாடி, பிளைவுட், நாற்றங்கால் தொழில்ல இருக்கிறவங்க இருந்தா பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லுங்க. நல்லதும் சொல்லுங்க, கெட்டதும் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள சொன்னா அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுவேன்.

பி.கு. 2: போய் ஆணி புடுங்குங்க. நான் போய் ஆணி சரியா அடிச்சிருக்காங்களான்னு பார்க்கிறேன் :-)